சாம்பல் அட்டை

ஈரம் காயாத படத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஓரம் மட்டும் படும்படி தாங்கிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போட்டோக் கடைக்காரர் வாசலுக்கு வருகிறார். செருப்புப் போடுவதில்லை. போடுவதற்கு நின்றால் யாராவது ஏதாவது கேட்பார்கள். படியிறங்கி, நீலத் தார்ப்பாயின் நிழலைத் தாண்டி, தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். படத்தைச் சாய்க்கிறார், நிமிர்த்துகிறார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுபடி சாய்க்கிறார். சைக்கிள்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகப் பழகியிருக்கிறார்கள்.

எதிர்க்கடைத் தையல்காரம்மா மிஷினை நிறுத்தாமலே கேட்கிறார். "என்னண்ணே, இன்னிக்குப் பச்சையா, சிவப்பா?"

"லேசா சிவப்பு அடிக்குது."

"யாரு படம்?"

"பேங்க்ல இருந்தாரே, அவரு. போன வாரம் தவறிட்டாரு."

"அவரு உசுரோட இருந்தப்பவே சிவப்பாத்தாண்ணே இருந்தாரு. லோன் கேட்டா இன்னும் சிவப்பாயிருவாரு. அப்படியே குடுத்துருங்க, குடும்பத்துக்கு அடையாளம் தெரியும்."

அவர் சிரிப்பதில்லை. படத்தோடு உள்ளே போகிறார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு படத்தோடு அதேபோல் நகர்ந்து நகர்ந்து வருகிறார்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையும் சிவப்பும் எங்கிருந்து வரும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அவர் பொறுமையாகச் சொல்வார். மை தெளிக்கும் இந்த இயந்திரத்துக்குக் கறுப்பு ஒன்று போதாது. சாம்பலின் அத்தனை படிகளையும் காட்ட அது நீலத்தையும் சிவப்பையும் மஞ்சளையும் துளித்துளியாகச் சேர்த்துக்கொள்கிறது. எல்லாம் அளவாக இருக்கும்வரை ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு சாம்பலாக நிற்கும். ஊசிமுனைத் துளைகளில் சில அடைத்துக்கொண்டால் போதும், இறந்தவரின் கன்னத்தில் பச்சை படரும். கறுப்பு மையை மட்டும் வைத்து அடித்தால் முகமெல்லாம் மணல் தூவியதுபோல் புள்ளி தெரியும். போதாததற்கு, அந்தக் கறுப்பே தனியாக நின்றால் பழுப்புப் பக்கம் சாயும். "கறுப்புன்னு நாமதான் சொல்றோம். அது அப்படி நினைக்கல," என்பார்.

அவர் பெரிய கலைஞர் அல்லர். படத்தை எங்கே வெட்டவேண்டும் என்பதில் அவருக்கு நல்ல ஞானம் கிடையாது. பின்னணியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியைக்கூட விட்டுவைப்பார். துக்கத்தோடு வந்து நிற்கிறவர்களிடம் காகிதத்தின் கனத்தைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசுவார். கடையின் பிழைப்பும் அவரால் நடப்பதில்லை. பாஸ்போர்ட் படம், நகல், லேமினேஷன் ஆகியவற்றால் நடக்கிறது, அவற்றை மனைவி பார்த்துக்கொள்கிறார். ஆனால் சாம்பலைச் சாம்பலாக நிறுத்துவதில் அவரிடம் குறை காண்பது கடினம். சாம்பல் என்பது ஒரு நிறம் என்பதைவிட, எந்தப் பக்கமும் சாயாத ஒரு நிலை என்று சொல்வதே பொருத்தம். அது தானாக எங்கும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் யாராவது பிடித்து நிறுத்தவேண்டியிருக்கிறது.

அதற்காக அவர் செய்கிற காரியங்கள் கொஞ்சம் அதிகம்தான். கடையின் நான்கு சுவர்களுக்கும் சாம்பல் அடித்திருக்கிறார். வண்ணச் சுவர் இருந்தால் அதன் சாயை படத்தில் விழுமாம். அதே காரணத்துக்காக வெள்ளை, சாம்பல் தவிர வேறு சட்டை போடுவதில்லை. வெள்ளையிலும் நீலம் போட்டு வெளுத்த வெள்ளை ஆகாது. மனைவி இதை வாடிக்கையாளர்களிடம் வழக்கு வைப்பதுபோல் சொல்வார்.

"அரக்குல ஒரு புடவை, எனக்கு ரொம்பப் பிடிக்கும். கட்டிட்டு வந்தா, 'கொஞ்சம் தள்ளி நில்லு, படத்துல விழுது'ங்கிறாரு. முப்பது வருஷமா தள்ளித்தான் நிக்கிறேன்."

"பக்கத்துல வந்தா சிவந்துருவாரோ என்னவோ," என்று தையல்காரம்மா எதிர்க்கடையிலிருந்து எடுத்துக்கொடுப்பார்.

தெருவில் அவருக்கு 'லைட்டு' என்று பெயர். பெயருக்குக் காரணம் அவருடைய வாய்ப்பாடு. கடையில் சரியாக இருந்த படம் வீட்டுச் சுவரில் பச்சையாகத் தெரிகிறது என்று யாராவது வந்து நின்றால், அவர் முதலில் சொல்வது அதுதான்: "படத்து மேல தப்பு இல்லீங்க. அது லைட்டு." சொல்லிவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு அவர்களோடு வீட்டுக்கே போவார். சட்டைப்பையில் உள்ளங்கையளவு சாம்பல் அட்டை ஒன்று எப்போதும் இருக்கும். எந்தப் பக்கமும் சாயாத சாம்பல் அது. சுவரில் தொங்கும் படத்தின் பக்கத்தில் அதைப் பிடிப்பார். அட்டையும் பச்சையாகத் தெரிந்தால், பச்சை படத்தினுடையது அன்று, விளக்கினுடையது. முற்றிலும் நேர்மையான சோதனை. அவர் நாற்காலிமேல் ஏறி டியூப்லைட்டைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து, "இப்பப் பாருங்க," என்பார். இறந்தவர் பழைய நிறத்துக்குத் திரும்பியிருப்பார். வீட்டுக்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். அந்த ஆச்சரியம் அவருக்குப் பிடிக்கும்.

ஒருமுறை பேக்கரிக்காரர் தன் அண்ணன் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என்னங்க, எங்கண்ணனுக்கு மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு?" இவர் போய்ப் பார்த்துவிட்டு, "உங்கண்ணனுக்கு ஒண்ணுமில்ல. உங்க பல்புக்குத்தான் வந்திருக்கு," என்றார். பேக்கரிக்காரர் துக்கத்தை மறந்து சிரித்துவிட்டார். இவரும் அந்தப் பதிலை வெகுகாலம் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது சொல்வதில்லை. நாலு மாதமாக 'அது லைட்டு' என்ற வாக்கியமே அவர் வாயிலிருந்து வரவில்லை. யாராவது படம் நிறம் மாறித் தெரிகிறது என்றால், மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு, "குடுங்க, வேற போட்டுத் தர்றேன்," என்கிறார். வீடுகளுக்குப் போவதில்லை. அட்டையும் பையில் இல்லை. தெருவில் இதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பட்டப்பெயர் மட்டும் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

அந்த வாக்கியத்தை அவர் கடைசியாகச் சொன்னது தன் சொந்த வீட்டில்.

மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது, பெயர்கூட முடிவாகவில்லை. மாப்பிள்ளை ஒன்று சொல்ல, மகள் ஒன்று சொல்ல, அதுவரைக்கும் எல்லாருக்கும் 'பாப்பா'தான். பின்னறையில் டியூப்லைட் குழந்தையின் கண்ணைக் கூசவைக்கிறது என்று மகள் கேட்டதால், அவரே ஒரு மஞ்சள் பல்பு வாங்கிவந்து மாட்டியிருந்தார். ஒரு நாள் மாலை, கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தவரை மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, கொஞ்சம் இங்க வாங்களேன். பாப்பா மஞ்சளா தெரியுறாளா?"

அவர் அலட்சியமாகப் பார்க்கவில்லை. அலட்சியமாகப் பார்த்திருந்தால் பிற்பாடு தம்மைத் திட்டிக்கொள்ளவாவது எளிதாக இருந்திருக்கும். அவர் தம் வழக்கப்படி, முறையாகப் பார்த்தார். ஈரக்கையைத் துண்டில் துடைத்துவிட்டு, பையிலிருந்து அட்டையை எடுத்துக் குழந்தையின் கன்னத்தருகே பிடித்தார்.

"இங்க பாரு. அட்டையும் மஞ்சளாத்தான் இருக்கு. அது லைட்டும்மா."

"நிஜமாவாப்பா?"

"அப்பா கண்ணை நம்பமாட்டியா?"

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப்பார்த்தார். "பொறந்த குழந்தைக்கு அட்டை வச்சுப் பார்க்கிற மனுஷன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். அப்படியே ஒரு பிரிண்டும் போட்டுருங்க." மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அன்று அது கொஞ்சம் அதிகமாகவே தூங்கியது. நல்ல குழந்தை, தொந்தரவு செய்யாத குழந்தை என்று பேசிக்கொண்டார்கள்.

அட்டை மஞ்சளாகத் தெரிந்ததற்கு விளக்குதான் காரணம். குழந்தை மஞ்சளாகத் தெரிந்ததற்கும் விளக்கு ஒரு காரணம். ஆனால் விளக்கு மட்டும்தான் காரணம் என்று அட்டை சொல்லவில்லை. அதை அவர் சொன்னார். உண்மையான இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வைத்துவிட்டு, அவற்றிலிருந்து பிறக்காத மூன்றாவது ஒன்றையும் உண்மை என்று எடுத்துக்கொள்வது எல்லாருக்கும் நேர்கிற பிழைதான். பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகிவிடுவதில்லை. பேங்க்காரர் படத்தை இப்படிச் சோதித்திருந்தால் அவர் அட்டையோடு நின்றிருக்கமாட்டார். வாசலுக்குக் கொண்டுபோயிருப்பார்.

இரண்டு நாள் கழித்து, விடிந்தபோது குழந்தை பால் குடிக்கவில்லை. தட்டினாலும் எழவில்லை. மகள் வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவர், அவள் வாசற்படியைத் தாண்டிய இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். காலை வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழுந்தது. நெற்றி, கன்னம், காதுமடல், மடக்கிய விரல்கள், எல்லாம் மஞ்சள். சாம்பலில் இழையளவு சாயத்தைக் கண்டுபிடிக்கிற அந்தக் கண்ணுக்கு அப்போது அட்டை தேவைப்படவில்லை.

"ஏங்க, நிக்கிறீங்க? வாங்க!" என்று மனைவி வண்டியிலிருந்து கத்தினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குற்றம் சொல்லும் குரலில் பேசவில்லை. "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாம்," என்று மட்டும், யாரையும் பார்க்காமல் சொன்னார். காமாலையை இறக்கும் நீலவிளக்குக்கு அடியில் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். ஊசி போட்டார்கள், ரத்தம் மாற்றினார்கள். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

மகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, இந்த நாலு மாதத்தில் ஒருநாளும் சொல்லவில்லை. அப்பாவிடம் பேசாமலும் இல்லை. "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்கிறாள். "குடை எடுத்துட்டுப் போங்க," என்கிறாள். அவர் தட்டில் சோறு குறைந்தால் கவனித்துப் போடுகிறாள். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் அந்தக் கேள்வி வந்துவிடுமோ என்று அவர் காத்திருப்பார். அது வராது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

வீட்டில் இருந்த பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு வெள்ளையாக மாட்டினார். மாடிப்படி, குளியலறை, ஒன்றையும் விடவில்லை. "இது வீடா ஆஸ்பத்திரியா?" என்று மனைவி வழக்கம்போல் கேட்டுவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். சாம்பல் அட்டை கடைமேசையின் கீழ் இழுப்பறைக்குள், பழைய ரசீதுகளுக்கும் தீர்ந்த மைக்குப்பிகளுக்கும் அடியில் போயிற்று.

போன வாரம் மாப்பிள்ளை போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை வந்து மகளை அழைத்துக்கொண்டு போவதாகச் சொன்னார். மறுநாள் மகள் கடைக்கு வந்தாள். பிரசவத்துக்கு வந்ததிலிருந்து அவள் கடைக்கு வந்ததே இல்லை. மேசைமேல் போனை வைத்தாள்.

"இதை மட்டும் போட்டுக் குடுங்கப்பா. கறுப்பு வெள்ளையில. போகும்போது எடுத்துட்டுப் போறேன்."

ஆஸ்பத்திரியில் எடுத்த படம். பால் கொடுப்பதற்காக நர்ஸ் குழந்தையை நீலவிளக்கிலிருந்து எடுத்து, கண்கட்டை அவிழ்த்து, ஜன்னலருகே மகளின் மடியில் வைத்த சில நிமிஷங்களில் எடுத்தது. குழந்தை கண்ணைத் திறந்து, படம் எடுத்த தாயை நேராகப் பார்க்கிறது. கண்திறந்த படம் இது ஒன்றுதான் இருக்கிறது. வீட்டில் எடுத்த எல்லாவற்றிலும் தூக்கம். ஜன்னல் வெளிச்சம் ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் காட்டியிருந்தது.

"கலர்ல பார்க்க முடியலப்பா," என்றாள்.

"சரிம்மா."

படத்தைக் கணினியில் ஏற்றி நிறத்தை நீக்கினார். திரையில் மஞ்சள் போய்விட்டது. அச்சில் போகவில்லை. முதல் படத்தை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோதே தாடைக்குக் கீழே, கன்னத்தின் ஓரத்தில், மஞ்சள் அடித்தது. துளைகளைச் சோதிக்கும் கோடுகளை அடித்துப் பார்த்தார். ஒரு கோடும் விட்டுப்போகவில்லை. இருந்தும் மை தெளிக்கும் ஹெட்டைக் கழுவினார். மறுபடி மஞ்சள். காகிதம் தந்தநிறமாக இருப்பதால் இருக்கலாம் என்று வெண்மையான காகிதத்துக்கு மாறினார். மறுபடி மஞ்சள். கணினி ஒரு பக்கம் நிறத்தைத் திருத்த, இயந்திரம் ஒரு பக்கம் திருத்த, இரண்டும் சேர்ந்து கெடுக்கிறதோ என்று ஒன்றை அணைத்தார். மை முழுக்கக் காயும்வரை எந்தப் படமும் உண்மை பேசாது என்பது அவர் கொள்கை. ஆகவே ஒருநாள் முழுக்கக் காயவைத்துவிட்டுப் பார்த்தார். கடைசியில், செய்யவே கூடாதென்று தாமே பலருக்குச் சொல்லிவந்த காரியத்தைச் செய்தார். மஞ்சளை அமுக்க நீலத்தைக் கூட்டினார். கன்னம் குளிரில் விறைத்ததுபோல் ஆயிற்று. அந்த நீலத்துக்கு அடியிலும் அவருக்கு மஞ்சள் தெரிந்தது.

ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் வெள்ளையிலிருந்து கறுப்புவரை சாம்பல் கட்டங்கள் கொண்ட ஒரு பட்டையை அடிப்பது அவர் வழக்கம். எந்தப் படியில் சாயம் ஏறுகிறது என்று அதில் தெரியும். நீலம் கூட்டியது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுத்தமாக இருந்தது. அதே மை, அதே அளவு, ஒரு விரல் தூரத்தில் இருந்த கன்னம் மட்டும் மஞ்சள்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாம்பலாத்தாங்க இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியல."

தெருவைக் கடந்துபோய்த் தையல்காரம்மாவிடம் காட்டினார். அவர் அன்று மிஷினை நிறுத்திவிட்டு, கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பார்த்தார். "கண்ணு எவ்வளவு பெருசு," என்றார். பிறகு, "மஞ்சளா? எங்கண்ணே?"

"இங்க. தாடைக்குக் கீழ."

அவர் காட்டிய இடத்தைத் தையல்காரம்மா பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தார். "போய்ச் சாப்பிடுங்கண்ணே. மணி என்ன ஆகுது," என்று, வேடிக்கை எதுவும் கலக்காத குரலில் சொன்னார்.

இருந்த சாயத்தை இல்லையென்று சொன்ன கண் இது. இப்போது இல்லாததைக் கண்டுகொண்டிருக்கிறது. ஹெட் அடைத்தால் கழுவலாம், காகிதம் ஒத்துவராவிட்டால் மாற்றலாம். பார்க்கிறவனைக் கழற்றிவைத்துவிட்டுப் பார்ப்பதற்கு இதுவரை யாரும் வழி சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கடையைச் சாத்தும்போது மனைவி கேட்டார். "நீங்களே அவகிட்டப் பேசிருங்களேன்."

"என்னன்னு?"

"ஏதாவது. நாளைக்கு ஒருநாள்தான் இருக்கு."

"அவ அதை மறந்திருந்தா?"

"மறந்திருப்பான்னு நினைக்கிறீங்களா?"

அவர் ஷட்டரை இழுத்தார். மகள் அந்த மாலையை மறந்திருக்கவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் விரும்பினார். மறந்தே போயிருந்தால், அதை அறிந்தவராக இந்த உலகத்தில் தாம் ஒருவரே மிஞ்சிவிடுவோம் என்று பயமாகவும் இருந்தது. இரண்டில் எது என்று தெரியாமலே நாளை மறுநாள் அவள் வண்டியேறிவிடுவாள்.

சனிக்கிழமை காலையிலிருந்து தூறல். தார்ப்பாயில் தண்ணீர் தேங்கி நடுவில் வயிறு வைத்திருந்தது. மகள் குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். மேசைமேல், சாம்பல் சுவரோரத்தில், பெஞ்சில், எங்கும் அதே முகம் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லாம் பாப்பாதானா?"

"ஆமா."

"எதுப்பா நல்லா இருக்கு?"

"தெரியலம்மா."

"எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதாம்ப்பா இருக்கு. அது மட்டும் கொஞ்சம் நீலமா இருக்கு."

"இல்லம்மா, இந்தா, இது கொஞ்சம்…" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

அவள் முதலில் அடித்த படத்தை எடுத்தாள். கடைக்குள் எரியும் வெள்ளை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல், அன்றைக்குக் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"மஞ்சளா தெரியுதாப்பா?"

லேமினேஷன் மிஷினுக்கு முன்னால் நின்ற மனைவியின் கை அப்படியே நின்றது. உறைக்குள் வைத்த யாருடைய அடையாள அட்டையோ பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியுது," என்றார் அவர். பிறகு, "இருக்கா இல்லையான்னு தெரியலம்மா," என்றார்.

அவள் தலையை அசைத்தாள்.

"அந்த அட்டை எங்கப்பா?"

எந்த அட்டை என்று அவர் கேட்கவில்லை. குனிந்து கீழ் இழுப்பறையைத் திறந்தார். ரசீதுகளை விலக்கினார், மைக்குப்பிகளை விலக்கினார். அட்டையில் ஒரு மூலை மடங்கியிருந்தது. அதை நிமிர்த்தி, சட்டையில் துடைத்து, அவளிடம் கொடுத்தார்.

மகள் படத்தையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். படத்தைப் பிடித்த விதம் அவருடையது. ஓரம் மட்டும் கையில் படும்படி, உடம்போடு ஒட்டாமல் பிடித்திருந்தாள். படியில் நின்றாள். தார்ப்பாயைத் தாண்டினால் தூறல், ஒரு துளி விழுந்தாலும் மை கரைந்துவிடும். தார்ப்பாய்க்கு அடியில் எல்லாமே நீலமாக இருந்தது, அவள் கையும் படமும்கூட. முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் நின்றாள்.

அவர் வெறுங்காலோடு இறங்கி அவளைத் தாண்டிப்போனார். மழைக்குள் நின்றுகொண்டு, தார்ப்பாயின் முன்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்குமேல் தூக்கினார். தேங்கியிருந்த தண்ணீர் உருண்டது. அது அவள் பக்கம் போகாதபடி விளிம்பைத் தம் பக்கமாகச் சாய்த்தார். தண்ணீர் மொத்தமும் அவர் தோளில் கொட்டியது. நீலம் விலகி, மழைவானத்தின் எந்த நிறமும் இல்லாத வெளிச்சம் படத்தின்மேல் விழுந்தது.

எதிர்க்கடையில் மிஷின் சத்தம் நின்றிருந்தது.

மகள் அட்டையைக் குழந்தையின் கன்னத்தோடு சேர்த்து வைத்தாள். பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். நிமிர்த்திப் பார்த்தாள்.

"அன்னிக்கும் இப்படி வெளியில கொண்டுவந்து பார்த்திருக்கலாம்ப்பா," என்றாள்.

"ஆமாம்மா," என்றார்.

அவள் நிமிரவில்லை. அட்டையை எடுக்கவும் இல்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய முழங்கை வழியாகத் தண்ணீர் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மனைவி குடையோடு படிவரைக்கும் வந்து, அங்கேயே நின்றார். அவள் பார்த்து முடிக்கிறவரை அவர் தார்ப்பாயை இறக்கவில்லை. குதிகாலை எக்கி, இன்னும் ஒரு சாண் உயர்த்திப் பிடித்தார்.